காதர் பாய் ஊற்றாத தண்ணீர்

என் அன்பான சவரி அண்ணாவுக்கு,

இந்த வருடமும் உன் மோட்டார் சைக்கிள் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். அதை முதலில் சொல்லாவிட்டால் நீ வேறு எதையும் காதில் வாங்கமாட்டாய். ஐப்பசியில் முதல் மழை இறங்கிய மறுநாளே கழற்றினேன். எர்த்து ஒயரைத்தான் முதலில் எடுத்தேன். ஸ்பேனர் பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தேன். போதுமா?

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ராயபுரம் அப்படியேதான் இருக்கிறது. டிராம் தண்டவாளத்தைப் பிடுங்குகிறேன் என்று ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மழையில் எது ரோடு, எது குழி என்று தெரியவில்லை. ரயில் இஞ்சின் புகை இன்னமும் நம் கொடியில் காயும் வெள்ளைத் துணியைத் தேடித்தான் வருகிறது. எனக்கு இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். ஐம்பத்திரண்டு பிள்ளைகள், ஐம்பத்திரண்டு வாய். நீ இருந்திருந்தால் "உன் வாய்க்கு அதுங்க எம்மாத்திரம்" என்றிருப்பாய்.

வண்டியை விற்கவில்லை. பேட்டரியைக் கழற்றும்வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் ஸ்டாண்டில் போட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, உதைத்து ஸ்டார்ட் செய்வேன். ஓட்டத் தெரியாது, உதைக்கத் தெரியும். தெருவில் பாதிப்பேர் அதைப் பார்க்கவே வாசலுக்கு வருவார்கள். வரட்டும், யார் வேண்டாம் என்றது?

அண்ணா, இது உனக்கு எழுதும் கடிதம். ஆனால் உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. துறைமுகத்தில் உன் ஆர்பர் ஒர்க்‌ஷாப்பில் உன்னோடு வேலை பார்த்த அத்தனை பேரும் இதைக் கேட்கவேண்டும். உன் சிநேகிதர் காதர் பாய் உன் பேட்டரியில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கெடுத்துவிட்டார் என்று நீ அவர்களிடம் சொன்னாய். அவர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். அந்த பேட்டரியைக் கெடுத்தது காதர் பாய் இல்லை, நான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நம் வீட்டில் நடந்தது.

இனி இதைக் கேட்பவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

சண்டை முடிந்து மிலிட்டரிக்காரர்கள் விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டபோது நீ அந்த மோட்டார் சைக்கிளை எடுத்தாய். பச்சை பெயிண்ட், உடைந்த விளக்கு, உள்ளே எலிக்கூடு. அதை வண்டியாக்கியது நீயும் காதர் பாயும். அவர் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் பேட்டரி சார்ஜ் கடை வைத்திருந்தார். லாரி பேட்டரி, கார் பேட்டரி, கரண்ட் இல்லாத வீடுகளின் ரேடியோ பேட்டரி எல்லாம் அவர் கடைக்குத்தான் போகும். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் வீட்டுப் பின்கட்டில் இரண்டு பேரும் கரியும் கிரீஸுமாகக் கிடந்தீர்கள். வண்டி முதன்முதலில் கிளம்பிய அன்று எண்ணூர் தாண்டி முகத்துவாரக்குப்பம் வரை போய், நண்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து, எனக்கு ஒரு கால்கூடக் கொண்டுவரவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

வண்டியோடு ஓர் ஆங்கிலப் புத்தகம் வந்தது. அதை நான்தான் உனக்குப் படித்துச் சொன்னேன். குளிர்காலத்தில் வண்டியை நிறுத்திவைத்தால் பேட்டரியைக் கழற்றிக் கதகதப்பான அறையில் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும் என்று அதில் போட்டிருந்தது. "அண்ணா, இது பனி கொட்டுற ஊர்க்காரன் எழுதினது. நம்ப ஊர்ல குளிராவது ஒண்ணாவது" என்று சொல்லிப் பார்த்தேன். நீ கேட்டால்தானே? "குளிரோ மழையோ, வண்டி நிக்குதா இல்லியா? நின்னா கழட்டணும்" என்றாய். உண்மையில் நீ சொன்னதுதான் சரி. ஐப்பசி பிறந்தால் ரோட்டில் முழங்கால் தண்ணீர், வண்டி எடுக்கமுடியாது. தை வரை சும்மா நிற்கிற வண்டியில் பேட்டரி தானாகவே செத்துப்போகும்.

அதனால் வருடா வருடம் நம் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். எர்த்து ஒயர் முதலில், மற்ற ஒயர் பிறகு. பட்டையை அவிழ்த்துச் சாய்க்காமல் தூக்கவேண்டும். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சோடா உப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போகும், ஆனால் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே இறங்கக்கூடாது. துடைத்துக் காயவைத்துக் கிரீஸ் தடவி, என் கட்டிலுக்கு அடியில் பலகை போட்டு அதன்மேல் வைப்பாய். அடுப்புக்கும் மாதா விளக்குக்கும் தூரமாக இருக்கவேண்டும். மாதம் ஒருமுறை காதர் பாய் வந்து எடுத்துப்போய் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவருவார். உள்ளே தண்ணீர் குறைந்தால் அவர் கொடுக்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான் ஊற்றவேண்டும். என் கட்டிலுக்கு அடியில் ஆசிட் இருப்பதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் நீலப் புடவையில் மூன்று ஓட்டை.

மூன்றாவது வருடம் கார்த்திகையில் மண் வாரும் கப்பலோடு உன்னை விசாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு மாத வேலை. போகும்போது என்னிடம் வேறு எதையும் சொல்லவில்லை. வீட்டைப் பூட்டிக்கொள், உடம்பைப் பார்த்துக்கொள், ஒன்றும் கிடையாது. "பேட்டரியப் பாத்துக்க. தகடு வெளில தெரிஞ்சா தண்ணி ஊத்து. பாட்டில் அலமாரில கீது." அவ்வளவுதான். காதர் பாய் அந்த வாரமே வந்து எடுத்துப்போய் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து வைத்தார். புது பாட்டில் தண்ணீரும் கொடுத்தார்.

அது பழைய பேட்டரி, தண்ணீர் குடிக்கும். நானும் சும்மா இருக்காமல் மூன்று நாளைக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பேன். ஊற்றும்போது கை நடுங்கிப் பாதி வெளியே போகும். கார்த்திகை கடைசியில் பாட்டில் காலி. அன்றைக்குப் பார்த்து மூன்று நாளாக விடாமல் மழை, திருவொற்றியூர் ரோட்டில் பஸ் இல்லை. தகடு வெளியில் தெரிகிறது. நீ வந்தால் என்னைத் தொலைத்துவிடுவாய்.

அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் தீர்த்த பாட்டில் இருந்தது.

சிரிக்காதே. என் மூளை எப்படி ஓடியது என்று சொல்கிறேன். சுத்தமான தண்ணீர் வேண்டும், அவ்வளவுதானே? பங்குச் சாமி மந்திரித்த தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீர் ராயபுரத்தில் வேறு எது? அதோடு உன் வண்டிக்கும் ஓர் ஆசீர்வாதமாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். நீதான் பூசைக்கு வரமாட்டாய், உன் பேட்டரியாவது வாங்கிக்கொள்ளட்டும். சிலுவை போட்டுக்கொண்டு பேட்டரியின் மூன்று அறையிலும் ஊற்றினேன். அந்த மழையில் மார்கழிக்குக் காதர் பாய் வரவில்லை, இன்னும் இரண்டு தடவை ஊற்றினேன். கோயிலுக்குப் போய் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து ஊற்றினேன், அண்ணா.

தீர்த்தத்தில் உப்பு போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். சாமி உப்பை மந்திரித்துத்தான் தண்ணீரில் போடுவார். பூசைக்கு எடுத்துக்கொடுக்கும் நம் கோயில்பிள்ளைக்குக் கை தாராளம், எண்ணூர் உப்பளத்துக் கல் உப்பை அள்ளித்தான் கொண்டுவந்து நீட்டுவார். சின்ன வயதில் நாம் இரண்டு பேரும் விரலை நனைத்து நக்கிப் பார்த்திருக்கிறோம், கரிக்கும். ஆனால் பாட்டிலைச் சாய்க்கும்போது அது ஒன்றும் என் நினைவில் இல்லை. தீர்த்தம் என்றால் தீர்த்தம். அதில் உப்பு வேறு, தண்ணீர் வேறு என்று பிரித்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

தை பிறந்து நீ வந்தாய். பேட்டரியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாய். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலையில் காதர் பாய் அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார். நான் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

"சவரி, இது பூட்ச்சிடா. சார்ஜ் போட்டா கெணத்துல போடுற பவுடர் கணக்கா வாடை அடிக்குது. தகடெல்லாம் அரிச்சிப்போய் சேறாகீது. உப்புத்தண்ணி எறங்கிக்கீது உள்ள."

"என் வூட்ல ஏதுடா உப்புத்தண்ணி? கார்த்திகைல நீதான எத்துகினு போன? உன் கடை கெணறுதான் உப்புக் கெணறு."

"இன்னாடா பேசற? இத்தினி வருசமா பேட்டரி புடிச்சிகினு கீறேன், கெணத்துத் தண்ணிய ஊத்துவனா?"

"அப்ப எவன் ஊத்தனது? ஏ ரெஜினா! நீ இன்னாத்த ஊத்தன?"

உப்பு என்ற வார்த்தை காதில் விழுந்தபோதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காப்பி டம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். அப்போது புது பேட்டரிக்கு எத்தனை மாதம் காத்திருக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். தீர்த்தம் ஊற்றினேன் என்று சொன்னால் நீ முதலில் கத்துவாய், பிறகு சாகிறவரை சிரிப்பாய், ஒர்க்‌ஷாப் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாய். கத்துவதைத் தாங்கிக்கொள்வேன், அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். வாயில் பொய் வந்துவிட்டது.

"நீ குடுத்துட்டுப் போன பாட்டில் தண்ணிதான்."

உடனே காதர் பாய் என்ன சொன்னார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "தங்கச்சி பொய் சொல்லாதுடா. அது சொன்னா அதுதான்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் நீ பிடித்துக்கொண்டாய். "அந்தப் பாட்டிலும் உன் கடைதான்டா! உன் தண்ணிதான்!" என்றாய். என் வார்த்தையை நம்பி அவரே அவர் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டு, கையில் டம்ளரோடு, மரம்போல நின்றேன்.

"இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்று நீ சொன்னாய். அவர் பேட்டரியை அங்கேயே வைத்துவிட்டுச் சாக்கை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார். காப்பி ஆறிப்போய்விட்டது, கொட்டிவிட்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் தள்ளினால் அடுத்த நாள் இன்னும் கஷ்டம். எட்டு மாதம் சைக்கிளில் ஆர்பருக்குப் போய்வந்தாய், பிறகுதான் புது பேட்டரி கிடைத்தது. அதற்குள் நீ எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. உனக்கு நாக்கு நீளம் அண்ணா, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாக்குக்குத் தீனி போட்டது நான்.

சாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "பொய் சொன்னேன் சாமி" என்றேன். என்ன பொய் என்று சாமி கேட்கவில்லை, நானும் விவரம் சொல்லவில்லை. அபராதத்துக்கு மூன்று அருள் நிறைந்த மரியே செபம் கொடுத்தார். பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். முடித்தபிறகும் நெஞ்சில் கிடந்தது அப்படியே கிடந்தது.

அடுத்து சொல்லப்போவதுதான் இதைவிடப் பெரிய பாவம். இந்த வருடம் சித்திரையில் உனக்கு விஷக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாய். நினைவு இருந்தபோது, "பேட்டரிய யார்கிட்ட வேணா குடு, அந்தக் காதர்கிட்ட மட்டும் போகாத" என்றாய். நினைவு தப்பியபோது, "காதரு, வண்டிய எட்ரா, நேரமாச்சு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். இரண்டையும் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஆள் அனுப்பியிருந்தால் அவர் அரை மணியில் வந்திருப்பார். நான் அனுப்பவில்லை. அவர் வந்து, நீ கண் விழித்து, இரண்டு பேரும் பேசி, நான் சொன்ன பொய் வெளியே வந்துவிடுமோ என்று பயந்தேன். சாகிற அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் மானத்தை நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

அடக்கத்துக்கு அவர் வந்தார். கூட்டத்துக்குப் பின்னால், சுவரோரம் நின்றார். உன் ஒர்க்‌ஷாப் ஆட்கள் ஒருவரும் அவரிடம் பேசவில்லை. மண் போட அவர் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நீ சொன்னபடிதான் நடந்தேன். இந்தக் கார்த்திகையில் பேட்டரியை ரிக்‌ஷாவில் வைத்து யானைக்கவுனியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் நல்ல மாதிரியான மனிதர், நான் ராயபுரம் என்றதும் அக்கறையாகப் பேசினார்.

"ராயபுரத்துலருந்தா வர்றீங்க? வந்ததும் நல்லதுதாம்மா. ஒத்தியூர்ல ஒரு பாய் கட கீது, அங்க மட்டும் பூடாதீங்க. கெணத்துத் தண்ணிய ஊத்தி உட்ருவான்."

"உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"ஊரே சொல்லுதும்மா."

நான் நிலைப்படியில் நின்று சொன்ன ஒரு வரி யானைக்கவுனி வரைக்கும் நடந்து போய், முன்பின் தெரியாத ஆள் வாயிலிருந்து எனக்கே புத்திமதியாகத் திரும்பி வருகிறது. பேட்டரியை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடியும் ரிக்‌ஷாவில் வைத்தேன். "இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று அவர் பின்னாலேயே வந்தார். ரிக்‌ஷாக்காரரிடம் திருவொற்றியூர் தேரடிக்கு விடச் சொன்னேன். "இன்னா டீச்சரே, இங்க வந்துட்டு அங்கயா? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று அவர் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே மிதித்தார். உன் கடைசிப் பேச்சை மீறிக்கொண்டுதான் போகிறேன் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. மன்னித்துக்கொள்.

கடையைப் பார்த்ததும் அழுகை வந்தது. முன்பெல்லாம் வாசல் வரைக்கும் பேட்டரி வரிசையாக நிற்கும், கால் வைக்க இடம் இருக்காது. இப்போது பெஞ்சின்மேல் மூன்றே மூன்று இருந்தன. காதர் பாய் தனியாக உட்கார்ந்து ஒரு ரேடியோ பேட்டரியின் மூடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வா தங்கச்சி, உக்காரு. வூட்ல எல்லாம் சொகமா?" என்றார். வீட்டில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? அவருக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை, பாவம்.

உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தீர்த்தம், உப்பு, டம்ளரோடு நின்றது, ஆஸ்பத்திரியில் நீ அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது, நான் ஆள் அனுப்பாதது. வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போல ஒரு மூச்சில் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கமுடியாது என்று தெரியும்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப என் தண்ணி நல்ல தண்ணிதானா?"

எனக்குப் புரியவில்லை. "இன்னா பாய்?" என்றேன்.

"நீ பாட்டில் தண்ணின்னு சொன்ன இல்ல? தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வந்து என் தண்ணிய பாத்தேன். நாக்குல வெச்சி பாத்தேன், ஒண்ணியும் தெரியல. அப்பால ஜாடில கோளாறோன்னு ஜாடிய ஒடச்சேன். கொழாய மாத்தனேன். அடுப்ப மாத்தனேன். இன்னிக்கி வரைக்கும் ஒவ்வொரு தபா ஊத்தும்போதும் கை நிக்கும். எவன் பேட்டரிய சாவடிக்கப்போறமோன்னு ஒரு பயம். தானா வர்ற கிராக்கியக்கூட நானே திருப்பி உட்டுக்கீறேன், தெரியுமா?"

அண்ணா, இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. ஊர் அவரைச் சந்தேகப்பட்டது எனக்குத் தெரியும். தான் செய்யவில்லை என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து அதில் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தேன். அதுவும் அவருக்கு இல்லாமல் செய்துவிட்டேன். ரெஜினா பொய் சொல்லமாட்டாள் என்று நம்பி, தன் கையையே நம்பாமல் இரண்டு வருடம் இருந்திருக்கிறார்.

"நல்ல தண்ணிதான் பாய். உங்க தண்ணிமேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன். அவர் பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

அதன்பிறகுதான் கோபம் வந்தது. கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனுக்கு இப்ப வந்து சொல்லிட்ட. அவனுக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டார். "அவன் என்ன பேமானின்னு நெனச்சிகினேதான பூட்டான். அத்த இன்னா பண்ணுவ?"

அவர் என் கையிலிருந்து பேட்டரியை வாங்கி மூடியைத் திறந்து பார்த்து, மிதவைக் குழாயை விட்டு ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். "நல்லா வெச்சிக்கீறீங்க" என்றார். "நாளான்னிக்கி வாங்க, டீச்சரம்மா."

இரண்டு நாள் கழித்துப் போனேன். சார்ஜ் ஏற்றித் துடைத்துக் கிரீஸ் தடவி வைத்திருந்தார். அன்றைக்கும் டீச்சரம்மாதான், வாங்க போங்கதான். ரிக்‌ஷா வரைக்கும் அவரே தூக்கிவந்து, ஆடாமல் இருக்கக் காலடியில் செங்கல் முட்டுக்கொடுத்து வைத்தார். அவர் அதைவிட மரியாதையாக என்னிடம் நடந்துகொள்ளமுடியாது. அந்த மரியாதைக்குப் பதிலாக இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

அவர் கேட்ட கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். உனக்குச் சொல்ல என்னிடம் வேறு வழி இல்லை. கேட்டுக்கொள் அண்ணா, உன் காதர் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவில்லை. அவர் கொடுத்த பாட்டிலில் இருந்தது நல்ல தண்ணீர்தான். உன் பேட்டரியைக் கொன்றது நான், உன் சிநேகிதத்தைக் கெடுத்ததும் நான். நீ அவரைப் பற்றிச் சொன்னதை எல்லாம் நீயே திரும்ப வாங்கிக்கொள்ளமுடியாது, ஆகவே உனக்காக நான் வாங்கிக்கொள்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தை பிறந்ததும் முதல் வேலைநாளில், மதியச் சங்கு ஊதி ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வரும்போது, உன் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று இந்தக் கடிதத்தை முதல் எழுத்திலிருந்து சத்தமாகப் படிப்பேன். என் வாய் நீளத்துக்குக் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும். தீர்த்தம் என்ற இடத்தில் சிரிப்பார்கள், சிரித்து முடிக்கிற வரைக்கும் நிறுத்திவிட்டு மேலே படிப்பேன். பிறகு யானைக்கவுனிக் கடைக்குப் போய் அங்கேயும் படிப்பேன். காதர் பாயை எங்கேயும் வரச்சொல்லிக் கூப்பிடமாட்டேன், அவர் பேர் சுத்தமாவதற்கு அவர் அலையவேண்டியதில்லை.

அவர் என்னை மன்னிக்கவேண்டும் என்று இதைச் செய்யவில்லை. ஆனால் உனக்குத் தெரியாமல் என்ன, மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. தங்கச்சி என்று கூப்பிட எனக்கு இந்த உலகத்தில் இரண்டு பேர் இருந்தீர்கள். நீ காய்ச்சலில் போனாய். மற்றவர் தேரடியில் உயிரோடு இருக்கிறார், என்னை டீச்சரம்மா என்கிறார்.

இப்படிக்கு,
இன்றைக்கும் உன் தங்கச்சி,
ரெஜினா